மூன்றாவது வாளி

கன்னியாவில் ஏழு கிணறு.
எங்கட பட்டறையில் மூன்று வாளி.
ஐந்தரைக்கு வேலை விட்டதும்
முதலாவதில் கை கழுவவேணும்,
இரண்டாவதில் முழங்கை வரைக்கும்,
மூன்றாவதில் முகம்.
அந்தத் தண்ணீரை ஒருவரும் வெளியே ஊற்றக்கூடாது.
மாதக் கடைசியில் அடியில்
ஒரு விரல் சேறு படிந்து கிடக்கும்.
முதலாளி பரராசசேகரம் அதைக் காயவைத்து
உருக்கி
தராசில் வைப்பார்.
போன மாதம் ஒன்பது மஞ்சாடி,
ஏழு பெண்களின் தோலிலிருந்து.

கொண்டையை அவிழ்த்து வாரி
வெள்ளைத் துணியில் தட்டின பிறகுதான் படியிறங்கலாம்.
நிஹாராவின் முக்காட்டையும் உதறவேணும்.
ஏப்ரனை வீட்டுக்குக் கொண்டுபோகேலாது,
அது ஆறு மாதத்துக்கொருக்கா எரிந்து
சாம்பலாய்த் தராசேறும்.
"பவுண் போற வழியெல்லாம் எனக்குத் தெரியும்"
என்பார்
கோபமில்லாமல், பகிடியாகவே.

என் வேலை பற்றாசு.
சங்கிலிக் கண்ணி ஒன்றுக்கு ஒரு பொட்டு.
வெண்காரம் தொட்டு, சுவாலை காட்டி,
பொட்டு தண்ணீராய் ஓடுகிற அந்த நொடியில்
மூச்சைப் பிடித்துக்கொள்வேன்,
கை நடுங்கக்கூடாது.
அதற்குப் பிறகு இழுக்கிற மூச்சு
தானாக வருவது, பெரியது.
மஞ்சள் பாய்ந்த புகை.
செம்புக்காசை நக்கினதுபோல
நாக்கில் ஓர் இனிப்பு.
ஒரு நாளைக்கு எண்ணூறு கண்ணி.

யன்னல்கள் பூட்டு.
கடற்காற்று சுவாலையைச் சாய்க்குமாம்,
தூளை அள்ளிக்கொண்டு போகுமாம்.
கூரையில் ஒரு ஃபான் தொங்குகிறது.
அதன் வயரைக் கழற்றின நாள்
நிஹாராவுக்கு மட்டும் நினைவிருக்கு.
பொலிஷ் மெசினில் இருக்கிறவ,
கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருவா,
பின்னேரம் பார்த்தால் இமைமயிர் செம்மண் நிறம்.
அடையாள அட்டைக்குப் போன இடத்தில்
பெருவிரலை நாலு தரம் அழுத்தியும்
கண்ணாடியில் ஒரு கோடும் விழவில்லையாம்.
"நான் ஆரெண்டு அந்த மெசினுக்குத் தெரியேல்ல"
சொல்லிச் சிரித்தா,
சிரிப்பு பாதியில் இருமலாய் மாறிற்று.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனது
இருமலுக்கல்ல, படியேறேலாமல்.
கிளினிக் கொப்பியில் தொழில் என்ற இடத்தில்
தாதி என்னைக் கேளாமலே எழுதினா:
வீட்டுப்பணி.
டொக்டர் கேட்டார், விறகடுப்பா?
காஸ்.
வீட்டில் ஆராவது சிகரெட்?
அவர் பீடி, ஆனால் வேலிக்கரையில் நின்றுதான்.
பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
எங்கட புகைக்கும் ஒரு பெயர் இருக்கும் என்று
எனக்கு ஆர் சொன்னது?
வெளியே வந்து எக்ஸ்ரேயை வெயிலில் பிடித்தேன்,
விலாக்களுக்கிடையில் எங்கேயாவது மினுங்குதா என்று.
வெண்பஞ்சுதான்,
அடியிலே கொஞ்சம் கூட.

நேற்று இருமினபோது
லேஞ்சியில் கறுப்பாய் ஒன்று வந்தது.
மடித்து இடுப்பில் செருகப் போனேன்.
"அதையும் மூன்றாவது வாளியில் போடு, லோஜினி."
பழக்கத்தில்தான் சொன்னார்.
சொன்ன பிறகு
அவருக்கே விளங்கியிருக்கவேணும்,
முகம் தராசுப் பக்கம் திரும்பிற்று.

பொலிஷ் மெசின் நின்றது.
நிஹாரா எழும்பிப் போய்
கடல்பக்க யன்னலின் கொளுக்கியில்
சுத்தியலால் அடித்தா.
துரு.
மூன்றாம் அடியில் கழன்றது.
காற்று வந்து எல்லாச் சுவாலையையும் ஒரு பக்கம் படுக்க வைத்தது.
வெள்ளைத் துணியிலிருந்து என்னவோ மினுங்கி எழும்பி
எங்கட தலைக்கு மேலால் போயிற்று.
"பூட்டு, பூட்டு!"
ஒருவரும் எழும்பவில்லை.
மதிலுக்கு அப்பால் ஒரு புள்ளிமான்
பொலித்தீன் பையை மென்றபடி
எங்களைப் பார்த்தது, பிறகு பார்க்கவில்லை.

லேஞ்சி என் கையில்தான் இருந்தது.
நாளைக்குக் கொப்பியோடு திரும்பப் போகவேணும்,
வீட்டுப்பணியை வெட்டச் சொல்லவேணும்.
பற்றாசு என்றால் அந்தத் தாதிக்கு விளங்குமோ,
எந்த 'ற' என்று கேட்பாவோ,
கேட்டால் சொல்ல வேண்டியதை
வாய்க்குள் ஒருக்காச் சொல்லிப் பார்த்தேன்.